கை முதலில் வால்வுக்குப் போக வேண்டும்: பள்ளி ஆய்வகத்தில் ஒரு பர்னர் விபத்து பற்றிய நிகழ்வு ஆய்வு

ஒன்பதாம் வகுப்பு வேதியியல் செய்முறை நேரத்தில் ஒரு மாணவியின் வலது கைக் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் வெந்து கொப்புளம் போட்டன. ஒரு சோதனைக் குழாய் உடைந்தது. ரப்பர் குழாயின் நுனியில் சில வினாடிகள் தீ எரிந்தது. பெரிய விபத்து என்று யாரும் சொல்லமாட்டார்கள். பள்ளியின் முதல் அறிக்கையும் நான்கு வரிகளில் முடிந்துவிட்டது. காரணம் என்ற கட்டத்தில் "மாணவியின் கவனக்குறைவு" என்று எழுதியிருந்தார்கள். அந்த முடிவை நான் ஏற்கவில்லை. ஏன் என்று விளக்கத்தான் இந்த ஆய்வு.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இது ஆசிரியர்களும் ஆய்வக உதவியாளர்களும் சேர்ந்து உட்கார்ந்து பேசுவதற்காக அமைத்த நிகழ்வு. எந்தப் பள்ளியையும் சுட்டவில்லை. ஆனால் இதில் வரும் கோளாறுகள் ஒவ்வொன்றும் பள்ளி ஆய்வகங்களில் வழக்கமாகக் கண்ணில் படுபவை. சுடர் நடந்துகொண்ட விதமும் இயற்பியல் சொல்லும் விதமேதான்.

என்ன நடந்தது

அன்றைய செய்முறை எளிமையானது. நீல நிறக் காப்பர் சல்பேட் படிகங்களைச் சோதனைக் குழாயில் போட்டுச் சூடாக்க வேண்டும். படிகத்தில் இருக்கும் நீர் வெளியேற வெளியேற நீலம் வெளுத்து வெள்ளைத் தூளாகும். ஆறியபின் சில துளி நீர் விட்டால் நீலம் திரும்பிவிடும். இதற்கு மிதமான சூடு போதும். 250 டிகிரி செல்சியஸ் அளவிலேயே நீர் முழுவதும் போய்விடும். வெகுவாகச் சூடேற்றினால் பொருளே சிதைந்து, தொண்டையை அடைக்கும் கந்தக ஆக்சைடு வாயுக்கள் கிளம்பும். அதனால்தான் ஆசிரியர் எல்லாக் குழுக்களையும் பார்த்து, "தீயைக் குறைச்சுக்கோங்க" என்றார். நல்ல காரணத்துக்காகச் சொன்னதுதான்.

அந்த ஆய்வகத்தில் மேசைகளின் இருபுறமும் மாணவர்கள் நிற்பார்கள். மேசையின் நடுவே கேஸ் வால்வுகள் இரண்டிரண்டாக, முதுகோடு முதுகு ஒட்டி நிற்கும். ஒன்று இந்தப் பக்கத்துக்கு, மற்றது எதிர்ப்பக்கத்துக்கு. கட்டடத்துக்கு வெளியே வைத்திருக்கும் சிலிண்டர்களிலிருந்து எல்பிஜி குழாய் வழியே வருகிறது. முழு அறைக்குமான மெயின் வால்வு பக்கத்துத் தயாரிப்பு அறையில் இருக்கிறது.

மாணவி பர்னரை ஏற்றியபோதே அதன் காற்றுத் துளை, அதாவது குழலின் அடியில் காற்று நுழையும் துளை, பாதிக்கு மேல் திறந்திருந்தது. சுடர் நீலமாக, இரைச்சலோடு எரிந்தது. ஆசிரியர் குறைக்கச் சொன்னதும் அவள் மேசை வால்வின் கைப்பிடியை மெதுவாகத் திருப்பினாள். சுடர் சிறுத்தது, நடுங்கியது. பிறகு 'டப்' என்று ஒரு சத்தம். பர்னரின் வாயில் சுடரைக் காணோம்.

"டீச்சர், அணைஞ்சு போச்சு" என்றாள்.

அணையவில்லை. சுடர் பர்னரின் உலோகக் குழலுக்குள் இறங்கி, அடியில் கேஸ் வெளிவரும் சிறு துளையின் மேலேயே எரிந்துகொண்டிருந்தது. மெல்லிய சீறல் சத்தம், ஒரு மாதிரி நெடி, காற்றுத் துளை வழியே தெரியும் பச்சை கலந்த ஒளி என்று அடையாளங்கள் எல்லாம் இருந்தன. ஆனால் எட்டு பர்னர்கள் எரியும் அறையில் அந்தச் சீறல் யார் காதிலும் விழவில்லை. மூன்று மேசை தள்ளி வேறொரு குழுவைப் பார்த்துக்கொண்டிருந்த ஆசிரியர், "மறுபடி ஏத்து" என்றார். குழுவில் ஒருவன் லைட்டரை பர்னர் வாயில் வைத்து இரண்டு மூன்று முறை அழுத்தினான். பற்றவில்லை. ஏறக்குறைய ஒரு நிமிடம் இப்படிப் போனது. அப்புறம் மாணவி, என்னதான் கோளாறு என்று பார்க்க, பர்னரைத் தன் பக்கம் இழுக்கக் குழலைப் பிடித்தாள்.

ஒரு நிமிடம் உள்ளிருந்து தீ எரிந்த உலோகம் அது. கையை உதறினாள். பர்னர் சாய்ந்து விழுந்தது. பக்கத்தில் இடுக்கியில் பிடித்திருந்த சோதனைக் குழாய் மேசையில் மோதி உடைந்தது. பர்னரின் நுழைவு முனையில் செருகியிருந்த ரப்பர் குழாய் கழன்றது. அதிலிருந்து வந்த கேஸ் பக்கத்துக் குழுவின் சுடரில் பற்றி, குழாய் நுனியில் ஒரு சாண் நீளத்துக்கு எரிந்தது. ஒருவன் ஈரத் துணியை எடுத்து அதை அமுக்கப் போனான். ஆசிரியர் தயாரிப்பு அறையை நோக்கி ஓடினார், கதவு பூட்டியிருந்தது.

எதிர்ப்பக்கத்தில் நின்ற ஒரு மாணவன் எட்டி, தன் முன்னால் இருந்த இரண்டு வால்வுகளையும் மூடினான். தீ அந்தக் கணமே போய்விட்டது. எது யாருடைய வால்வு என்று எப்படித் தெரிந்தது என்று பிறகு கேட்டதற்கு, "தெரியல சார், ரெண்டையும் மூடிட்டேன்" என்றான். அன்று அந்த அறையில் எடுத்த முடிவுகளில் மிகச் சரியானது அதுதான்.

சுடர் ஏன் உள்ளே இறங்கியது

ஹைடல்பர்க் பல்கலைக்கழகத்தில் ராபர்ட் பன்சனுக்குப் புதிய ஆய்வகம் கட்டியபோது, 1850களின் நடுவில், அவருக்கு வேண்டியிருந்தது கரி படியாத, வெளிச்சம் குறைந்த, சூடு மிகுந்த சுடர். பல்கலைக்கழகத்தின் கருவி செய்பவரான பீட்டர் டெசாகா அவருக்காக அதைச் செய்து கொடுத்தார். அதன் உத்தி, கேஸையும் காற்றையும் எரிவதற்கு முன்பே குழலுக்குள் கலந்துவிடுவது. அடியில் சிறு துளையிலிருந்து கேஸ் வேகமாகப் பீறிடும்போது, பக்கத்துக் காற்றுத் துளை வழியே காற்றையும் இழுத்துக்கொண்டு மேலே போகும். கலவை குழலின் வாயில் எரியும்.

இந்த உத்தியின் மறுபக்கத்தைப் பாடப்புத்தகங்கள் அழுத்திச் சொல்வதில்லை. குழலுக்குள் எப்போதும் எரியத் தயாரான கலவை நிற்கிறது. சுடர் வாயிலேயே நிற்பதற்குக் காரணம், கலவை மேலே வரும் வேகம் சுடர் கீழே பரவும் வேகத்தைவிட அதிகமாக இருப்பதுதான். இயற்கை எரிவாயுவின் முக்கியப் பொருளான மீத்தேனோ, எல்பிஜியில் இருக்கும் புரொப்பேனோ காற்றுடன் சரியான விகிதத்தில் கலந்தால், சுடர் அந்தக் கலவைக்குள் வினாடிக்கு ஏறக்குறைய 40 சென்டிமீட்டர் வேகத்தில் பரவும். கலவை அதைவிட மெதுவாக வந்தால் சுடர் உள்ளே இறங்கிவிடும். ஒரு சாணுக்கும் குறைவான குழலில் இறங்க அரை வினாடி கூட வேண்டாம். அந்த 'டப்' சத்தம் இதுதான்.

கலவையின் வேகம் எப்போது குறையும்? காற்றுத் துளை திறந்திருக்கும்போது கேஸை மட்டும் குறைத்தால் குறையும். அன்று மாணவி செய்தது இதைத்தான். பன்சன் பர்னருக்கு உள்ள ஒழுங்கு இது: தீயைக் கூட்டும்போது கேஸ் முதலில், காற்று பிறகு. குறைக்கும்போது காற்று முதலில், கேஸ் பிறகு. காற்றுத் துளையைச் சுற்றியுள்ள வளையத்தைத் திருப்பித் துளையை மூடி, சுடர் மஞ்சளானபின் கேஸைக் குறைத்தால் சுடர் இறங்காது. காற்றோடு முன்கூட்டியே கலக்காத கேஸுக்குள் தீ பரவ வழியில்லை. மஞ்சள் சுடர் கரி படியவைக்கும். ஆனால் கண்ணுக்கு நன்றாகத் தெரியும், நிலையாக நிற்கும். பர்னரை ஏற்றும்போதும், சூடாக்கும் வேலைக்கு இடையில் சும்மா விட்டுவைக்கும்போதும் துளையை மூடி வைக்கச் சொல்வது இதற்காகத்தான். அதுவும் சுடும், அதுவும் கையை வேகவைக்கும் என்பதை மட்டும் பிள்ளைகளிடம் தனியே சொல்ல வேண்டியிருக்கிறது. மஞ்சள் சுடருக்கு உள்ள 'பாதுகாப்புச் சுடர்' என்ற பெயரைக் கேட்டு அது ஒன்றும் செய்யாது என்று நினைத்துவிடுகிறார்கள்.

இங்கே நியாயமான ஒரு கேள்வி வரும். வீட்டு அடுப்பில் நாள்தோறும் திருகைத் திருப்பித்தானே தீயைக் குறைக்கிறோம், அங்கே ஏன் சுடர் உள்ளே போவதில்லை? அங்கேயும் கேஸும் காற்றும் முன்பே கலக்கின்றன. வித்தியாசம் துளையின் அகலத்தில் இருக்கிறது. மிகக் குறுகலான வழிக்குள் சுடர் நுழைந்தால், அதன் சூட்டைச் சுற்றியுள்ள உலோகம் உறிஞ்சிவிடும், சுடர் செத்துவிடும். நாம் எரிக்கும் வாயுக்களுக்கு அந்த எல்லை சுமார் 2 மில்லிமீட்டர். அடுப்பின் பர்னரில் சுற்றிலும் இருக்கும் துளைகள் சிறியவை. பன்சன் பர்னரின் குழல் ஒரு சென்டிமீட்டர் அளவுக்கு அகலமானது. சுடருக்கு அது திறந்த வாசல். 1815இல் ஹம்ஃப்ரி டேவி சுரங்கத் தொழிலாளர்களுக்காகச் செய்த பாதுகாப்பு விளக்கில் கம்பி வலை செய்த வேலையும் இதுதான்: சுடரை வெளியே விடாமல் குளிரவைத்து நிறுத்துவது. மெக்கர் பர்னர் என்ற வகையில் வாயில் ஓர் உலோகச் சல்லடை இருக்கும். அதிலும் சுடர் சுலபத்தில் இறங்காது.

அந்த மாணவிக்குத் தெரிந்திருந்தது அடுப்பு. "தீயைக் குறைச்சுக்கோங்க" என்று கேட்டதும் அவள் கை அடுப்பில் செய்வதைச் செய்தது. அதைக் கவனக்குறைவு என்று எப்படி எழுதுவது? சொன்னதைக் கேட்டு, தெரிந்த விதத்தில், உடனே செய்திருக்கிறாள்.

அந்த பர்னர்

மறுநாள் பர்னரைக் கழற்றிப் பார்த்தபோது கதை இன்னும் பின்னால் போனது. காற்றுத் துளையின் வளையம் துருவும் பழைய உப்பும் படிந்து இறுகியிருந்தது. கையால் திருப்பினால் அசையவில்லை. இடுக்கி வைத்துத்தான் அசைந்தது. அதாவது அந்த பர்னரில் மஞ்சள் சுடர் என்பதே சாத்தியமில்லை. அதைப் பயன்படுத்திய எல்லா வகுப்பினரும் வால்வை வைத்தே தீயைக் கூட்டிக் குறைத்து வந்திருக்கிறார்கள். ஆசிரியர் காற்றை முதலில் மூடச் சொல்லியிருந்தாலும் அந்தக் குழுவால் மூடியிருக்க முடியாது.

அடியில் கேஸ் வரும் துளையில் பொடிப்பொடியாக உப்புத் துகள் அடைத்திருந்தது. உப்பைச் சுடரில் காட்டி நிறம் பார்க்கும் சுடர்ச் சோதனைகளிலும், சூடாக்கும்போது தெறித்தும், குழலுக்குள் விழும் துகள்கள் போய்ச் சேரும் இடம் அதுதான். துளை அடைபட்டால் வரும் கேஸின் அளவு குறையும்; வால்வை முழுவதும் திறந்தாலும் கலவையின் வேகம் வழக்கத்தைவிடக் குறைவாகவே இருக்கும். ஏற்றும்போதே விளிம்பில் நின்ற சுடர், கொஞ்சம் குறைத்ததும் விழுந்துவிட்டது.

இந்தத் துளையைச் சுத்தம் செய்வது ஆய்வக உதவியாளரின் வேலை, மாணவர்களிடம் விடக்கூடாது. மெல்லிய கம்பியால் துகளை எடுக்கலாம், ஆனால் துளையைக் குடைந்து பெரிதாக்கிவிடக் கூடாது. எல்பிஜிக்கும் இயற்கை எரிவாயுவுக்கும் துளை அளவு வேறு. ஒரே கன அளவில் புரொப்பேன் தரும் வெப்பம் மீத்தேனைப்போல இரண்டரை மடங்கு, அதனால் எல்பிஜிக்கான துளை சிறியது. இயற்கை எரிவாயுவுக்கான பர்னரை எல்பிஜியில் மாட்டினால் நீளமாக, மஞ்சளாக, கரி கக்கும் சுடர்தான் வரும். பல இடங்களிலிருந்து வாங்கிய பர்னர்கள் ஒரே அலமாரியில் கிடக்கும் ஆய்வகங்களில் இதைச் சரிபார்ப்பது நல்லது.

ரப்பர் குழாயைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. பர்னர்ப் பக்க நுனியில் வெடிப்பு விட்டு, பிடிமானம் போயிருந்தது. நுனியை வளைத்துப் பார்த்தால் வெடிப்பு தெரிந்துவிடும். பார்த்திருந்தால் வெடித்த பகுதியை வெட்டிவிட்டு மறுபடி ஆழமாகச் செருகிக் கிளிப் போட்டிருக்கலாம், அல்லது புதுக் குழாயே மாற்றியிருக்கலாம். கசிவு இருக்கிறதா என்று பார்க்க சோப்பு நீர் போதும். தீக்குச்சி வைத்துப் பார்க்கும் பழக்கம் எங்காவது இருந்தால் இன்றே நிறுத்திவிட வேண்டும்.

என்னை அதிகம் உறுத்தியது வேறொன்று. அந்த வளையம் இறுகியிருப்பது குறைந்தது இரண்டு பேருக்குத் தெரிந்திருந்தது. முந்தைய வகுப்பில் ஒரு மாணவன் சொல்லியிருக்கிறான். "அது அப்படித்தான், வேற எடுத்துக்கோ" என்று பதில் வந்திருக்கிறது. அவன் வேறு எடுத்துக்கொண்டான். இது அலமாரிக்குத் திரும்பிப் போய், அடுத்த வகுப்பில் இன்னொரு கைக்கு வந்தது. பர்னர்களுக்கு எண் இல்லை. கெட்டுப்போனதை ஒதுக்கிவைக்க ஒரு பெட்டி இல்லை.

அந்த ஒரு நிமிடம்

'டப்' சத்தத்துக்கும் விரல் வெந்ததற்கும் நடுவே ஒரு நிமிடம் இருந்தது. சுடர் இறங்கியதால் மட்டும் யாருக்கும் காயமில்லை. காயம் வந்தது பிறகு, அந்த ஒரு நிமிடத்தில் கைகள் போன இடங்களால். லைட்டர் பர்னர் வாய்க்குப் போனது. கை குழலுக்குப் போனது. ஈரத் துணி குழாய் நுனிக்குப் போனது. ஆசிரியரின் கால்கள் பூட்டிய அறைக்குப் போயின. கையெட்டும் தூரத்தில் இருந்த மேசை வால்வு கடைசியாகத்தான் நினைவுக்கு வந்தது, அதுவும் எதிர்ப்பக்கத்தில் நின்ற ஒருவனுக்கு.

சுடர் தெரியாமல் போனால் இரண்டில் ஒன்று நடந்திருக்கும்: உள்ளே இறங்கி எரிகிறது, அல்லது உண்மையிலேயே அணைந்து கேஸ் எரியாமல் வெளியேறுகிறது. முதலாவதில் குழல் பழுக்கச் சூடேறும். அடியோடு ஒட்டிய ரப்பர் குழாய் இளகலாம். அரைகுறையாக எரிவதால் கார்பன் மோனாக்சைடும் வரும். இரண்டாவதில் ஆபத்து வேறு மாதிரி. எல்பிஜி காற்றைவிடக் கனமானது; புரொப்பேன் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு, பியூட்டேன் இரண்டு மடங்கு. அது மேசையிலிருந்து வழிந்து தரையிலும், மேசைக்கு அடியிலுள்ள அலமாரிகளிலும் தேங்கும். காற்றில் 2 சதவீதம் அளவுக்குச் சேர்ந்தாலே பற்றும். மீத்தேனுக்கு அந்த அளவு 5 சதவீதம். அது இலேசானது, மேலே ஏறும். ஒரு நிமிடம் கேஸ் வெளியேறிய இடத்தில் லைட்டரை மறுபடி அழுத்துவதுதான் இரண்டாவது நிலையில் செய்யக்கூடிய மிக மோசமான காரியம்.

இரண்டு நிலைகளிலும் செய்ய வேண்டியது ஒன்றுதான்: வால்வை மூடுவது. அதனால் எது நடந்தது என்று கண்டுபிடிக்கும் வேலையை ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைக்குக் கொடுக்கவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. சுடர் தெரியவில்லையா, நிறம் மாறுகிறதா, சத்தம் வருகிறதா, நெடி அடிக்கிறதா, பர்னர் சாய்ந்ததா, பக்கத்தில் எதுவோ பற்றியதா? எல்லாவற்றுக்கும் கை வால்வுக்குப் போக வேண்டும், பிறகு வாய் ஆசிரியரைக் கூப்பிட வேண்டும். மூடியபின் பர்னரைத் தொடாமல் ஆறவிட வேண்டும். ஆசிரியர் வந்து பார்த்து, காற்றுத் துளையை மூடி, மறுபடி ஏற்றலாம்.

குழாய் நுனியில் எரியும் தீயைத் துணியால் அமுக்குவதும் இதே கணக்கில் தவறு. தீ அணைந்து கேஸ் மட்டும் வந்துகொண்டிருந்தால், கண்ணுக்குத் தெரியும் ஆபத்து போய்க் கண்ணுக்குத் தெரியாத ஆபத்து வந்துவிடும். கேஸ் தீயை அணைக்கும் கருவி வால்வுதான்.

வால்வின் இடமும் ஒரு காரணம். மேசை நடுவே இருப்பதால், தன் வால்வை மூட மாணவி எரியும் பர்னரைத் தாண்டிக் கை நீட்ட வேண்டும். எதிரே நிற்பவனுக்கு அது சுலபம். ஆகவே 'உன் வால்வை நீ மூடு' என்று கற்றுக்கொடுப்பதைவிட, 'கையெட்டும் வால்வு எல்லாவற்றையும் யாராக இருந்தாலும் மூடு' என்று கற்றுக்கொடுப்பது சரியாக இருக்கும். தேவையில்லாமல் மூடினால் நான்கு பேரின் செய்முறை ஐந்து நிமிடம் தாமதமாகும். அவ்வளவுதான் நஷ்டம். அப்படி மூடிய பிள்ளையை ஒரு முறை திட்டினால்கூட அடுத்த முறை எந்தக் கையும் வால்வுக்குப் போகாது.

காப்பாற்றியவை, நூலிழையில் தப்பியவை

அன்று சரியாக நடந்தவற்றையும் எழுதியாக வேண்டும். எல்லோரும் பாதுகாப்புக் கண்ணாடி போட்டிருந்தார்கள்; உடைந்த சோதனைக் குழாயின் சில்லும் சூடான தூளும் பறந்தும் கண்ணுக்கு எதுவும் ஆகவில்லை. நீள முடி பின்னிக் கட்டப்பட்டிருந்தது. யாரும் உட்கார்ந்திருக்கவில்லை, நின்றபடி வேலை செய்ததால் பர்னர் சாய்ந்ததும் எல்லோராலும் பின்வாங்க முடிந்தது. இவை ஆசிரியர் வகுப்புத் தொடக்கத்தில் விடாமல் சொல்லிச் சொல்லி வந்த பழக்கங்கள். அவர் அக்கறையில்லாதவர் என்று இந்த ஆய்வைப் படித்து யாரும் நினைத்துவிடக் கூடாது.

நூலிழையில் தப்பியது மேசையின் மறுகோடியில் இருந்தது. முந்தைய வகுப்பு இலையில் ஸ்டார்ச் சோதனை செய்திருந்தது. பச்சையத்தை நீக்கப் பயன்படுத்திய எத்தனால் பாட்டில், மூடி சரியாக இறுக்காமல், அங்கேயே நின்றது. எத்தனாலின் ஆவி 13 டிகிரி செல்சியஸ் அளவிலேயே தீப்பொறி பட்டால் பற்றும். அதாவது சாதாரண அறை வெப்பத்தில் அது எப்போதும் தயார். பர்னர் அந்தப் பக்கம் விழுந்திருந்தால் இந்த ஆய்வு வேறு மாதிரி எழுதப்பட்டிருக்கும்.

இது மிகையல்ல. 2014 செப்டம்பரில், அமெரிக்காவில் ரீனோ நகர அருங்காட்சியகம் ஒன்றில் மெத்தனாலை வைத்துச் செய்துகாட்டிய தீ விளையாட்டில் 13 பேர் காயமடைந்தார்கள். இரண்டு வாரத்துக்குள் டென்வர் நகரப் பள்ளி ஒன்றில், எரியும் இடத்தருகே மெத்தனாலை ஊற்றப்போனபோது பாட்டிலிலிருந்து சீறிய தீ சுமார் 12 அடி தள்ளி உட்கார்ந்திருந்த மாணவரைத் தாக்கியது. இவற்றை ஆராய்ந்த அந்நாட்டு ரசாயனப் பாதுகாப்பு வாரியம் அக்டோபரில் ஓர் எச்சரிக்கைக் குறிப்பே வெளியிட்டது. ஆல்கஹாலும் திறந்த சுடரும் ஒரே மேசையில் இருக்கக்கூடாது. இலைச் சோதனைக்கு முதலில் நீரைக் கொதிக்கவைத்து, எல்லா பர்னர்களையும் அணைத்து, அப்புறம்தான் எத்தனாலை எடுக்க வேண்டும். வெந்நீரின் சூடே போதும். மின் வெந்நீர்த் தொட்டி இருந்தால் இன்னும் நல்லது.

முதலுதவி

மாணவியின் கையை ஏறக்குறைய இரண்டு நிமிடம் தண்ணீரில் காட்டிவிட்டு, களிம்பு பூசிக் கட்டுப்போட்டார்கள். நல்லெண்ணத்தில் செய்தது, ஆனால் போதாது. தீப்புண்ணை ஓடும் குளிர்ந்த குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் காட்ட வேண்டும். தோலின் மேற்பரப்பு குளிர்ந்தபின்னும் அடியில் சூடு நின்று திசுவை வேகவைத்துக்கொண்டிருக்கும்; 20 நிமிடம் என்பது அதற்காக. தாமதமானாலும் மூன்று மணி நேரத்துக்குள் செய்தால் பயன் உண்டு. ஐஸ் வைக்கக் கூடாது, அது தோலை மேலும் கெடுக்கும். பற்பசை, எண்ணெய், களிம்பு எதுவும் வேண்டாம். மோதிரம், வளையல், கைக்கடிகாரம் இருந்தால் வீங்குவதற்கு முன் கழற்றிவிட வேண்டும். கொப்புளத்தை உடைக்காமல் சுத்தமான, ஒட்டாத துணியால் தளர்வாக மூடி மருத்துவரிடம் காட்ட வேண்டும். கையில் பட்ட தீப்புண் என்றால், சிறியதாக இருந்தாலும், மருத்துவர் பார்த்தே ஆகவேண்டும். விரல் மடங்குவது பாதிக்கப்படலாம்.

20 நிமிடம் ஒரு பிள்ளை குழாயடியில் நிற்பது மற்ற வகுப்புக்கு இடைஞ்சலாகத் தோன்றும். அவளுடன் நிற்க ஒருவர் வேண்டும். ஆய்வக உதவியாளர் இல்லாத நாளில் செய்முறை வைக்கக் கூடாது என்று நான் சொல்வதற்கு இதுவே முக்கியமான காரணம்.

என்ன மாற்றினார்கள்

முதலில் வந்த யோசனை, பர்னரையே நிறுத்திவிடலாம் என்பது. சாராய விளக்குக்கு மாறலாம் என்றார் ஒருவர். அது பின்னோக்கிப் போவது. திரவ எரிபொருளை மேசைக்கு மேசை வைப்பதும், சூடான விளக்கில் மறுபடி ஊற்றும் ஆசையும் பர்னரைவிட மோசமான ஆபத்து. வெறும் தண்ணீரைச் சூடாக்கும் வேலைகளுக்கு மின் தட்டு போதும், அதை ஏற்றுக்கொண்டார்கள். ஆனால் காப்பர் சல்பேட் வெளுப்பதை, சுடரைத் தன் கையால் அடக்கி, குழாயைச் சற்றே வாய்ப்பக்கம் சாய்த்துப் பிடித்து, வாயருகே குளிரும் நீர்த்துளி திரும்பி ஓடிச் சூடான கண்ணாடியை வெடிக்கவைக்காமல் பார்த்துச் செய்வது ஒரு திறமை. அதைப் பிள்ளைகளிடமிருந்து பறிக்க வேண்டியதில்லை.

சுவரில் ஏற்கெனவே பெரிய விதிப்பலகை இருந்தது. அதில் இன்னொரு வரி சேர்க்கவும் இல்லை. பதிலாக, பருவத்தின் முதல் செய்முறை வகுப்பை மெயின் வால்வு மூடிய நிலையில் நடத்தினார்கள். பர்னரைக் கழற்றி மாட்டினார்கள், வளையத்தைத் திருப்பினார்கள், கேஸ் இல்லாமலே ஏற்றும் வரிசையைச் செய்தார்கள்: துளை மூடியிருக்கிறதா, தீக்குச்சி முதலில், பர்னர் வாயின் பக்கவாட்டில், முகம் விலகி, அப்புறம் கேஸ், சில வினாடியில் பற்றாவிட்டால் மூடிவிட்டுக் காத்திருத்தல். நடுநடுவே ஆசிரியர் எதிர்பாராமல் "மூடு" என்பார். எல்லாக் கைகளும் வால்வுக்குப் போக வேண்டும். கைப்பிடி குழாயின் திசையிலேயே இருந்தால் திறந்திருக்கிறது, குறுக்கே நின்றால் மூடியிருக்கிறது என்பதைக் கண்ணை மூடிக்கொண்டு கையால் தடவியே சொல்லப் பழகினார்கள். அடுத்த வகுப்பில் ஆசிரியர் தன் மேசையில், தடுப்புக் கண்ணாடிக்குப் பின்னால், சுடரை வேண்டுமென்றே ஒரு முறை உள்ளே இறங்கவைத்து உடனே மூடிக் காட்டினார். அந்தச் சத்தத்தையும் பச்சை ஒளியையும் ஒரு முறை பார்த்த பிள்ளைக்குப் பிறகு விளக்கம் தேவைப்படவில்லை. இதைச் செய்யும் ஆசிரியர் முன்பே தனியாக, உதவியாளருடன் செய்து பார்த்திருக்க வேண்டும்.

"தீயைக் குறை" என்ற வார்த்தையை அந்த ஆய்வகத்தில் இப்போது யாரும் சொல்வதில்லை. "காற்றை மூடு, பிறகு கேஸைக் குறை" என்கிறார்கள். பர்னர்களுக்கு எண் போட்டாயிற்று. கதவருகே சிவப்புப் பெட்டி ஒன்று இருக்கிறது. வளையம் திரும்பாதது, குழாய் வெடித்தது எல்லாம் அதற்குள் போகும், உதவியாளர் சரிசெய்து கையெழுத்துப் போட்டால்தான் வெளியே வரும். முதல் வாரத்திலேயே பெட்டி நிறைந்துவிட்டது. புதிதாக வாங்கும் பர்னர்கள் அடியில் ஊசி வால்வு உள்ளவையாக இருக்க வேண்டும் என்றும் முடிவெடுத்தார்கள். கால் சுற்றில் முழுவதும் திறந்து மூடும் மேசை வால்வு கேஸைச் சிறிதுசிறிதாகக் குறைப்பதற்கு ஏற்றதல்ல.

அதே காப்பர் சல்பேட் செய்முறையை அடுத்த பருவத்தில் மறுபடி வைத்தபோது ஒரு பர்னரில் சுடர் இறங்கியது. துளையில் துகள். சத்தம் கேட்டதும் குழுவில் இரண்டு கைகள் ஒரே நேரத்தில் வால்வில் மோதிக்கொண்டன. பர்னரை யாரும் தொடவில்லை. உதவியாளர் ஆறவிட்டு எடுத்துப் பெட்டியில் போட்டார். குழு வேறு பர்னருடன் தொடர்ந்தது.

பாக்கி இருப்பது மெயின் வால்வு. அதைப் பூட்டிய அறைக்குள்ளிருந்து ஆய்வகக் கதவருகே கொண்டுவரக் குழாய்ப் பாதையையே மாற்ற வேண்டும். தகுதியுள்ள கேஸ் பணியாளர் செய்ய வேண்டிய வேலை, செலவும் பிடிக்கும். விண்ணப்பம் நிர்வாகத்திடம் இருக்கிறது. அதுவரை செய்முறை நடக்கும் நேரம் முழுவதும் தயாரிப்பு அறைக் கதவு விரியத் திறந்திருக்க வேண்டும், வால்வுக்கு முன்னால் எந்தப் பொருளும் வைக்கக் கூடாது, வகுப்பு முடிந்ததும் மெயின் மூடியிருப்பதை ஆசிரியரும் உதவியாளரும் தனித்தனியே பார்த்துப் பதிவேட்டில் குறிக்க வேண்டும் என்று ஏற்பாடு. பழைய அறிக்கையில் காரணம் என்ற கட்டத்தை அடித்துவிட்டு, "பழுதான பர்னர் புழக்கத்தில் இருந்தது, வால்வை மூடப் பயிற்சி தரப்படவில்லை" என்று திருத்தி எழுதி, அதன் நகலை மாணவியின் பெற்றோருக்கும் கொடுத்துவிட்டார்கள்.